டிவிக்குக் கீழே ஒரு கணினி: கிள்ளான் பள்ளத்தாக்கு வெயிலுக்கு எந்த கேசிங் பொருந்தும்?

படம் ஓடிக்கொண்டிருக்கும்போது திரை சட்டென்று உறையும். சத்தம் திக்கும். கொஞ்ச நேரத்தில் கணினி தானாகவே அணைந்துவிடும். அரை மணி நேரம் கழித்துப் போட்டால், ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும்.

'வைரஸா இருக்கும்', 'விண்டோஸ் கெட்டுப்போச்சு', 'ராம் போயிருக்கும்' என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஆனால், சூடான நேரத்தில் நின்று, ஆறிய பிறகு ஓடுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வெப்பத்தை.

டிவிக்குப் பக்கத்தில் வைக்கும் இந்த வகைக் கணினியை ஹோம் தியேட்டர் பி.சி. என்கிறார்கள். ஹாலில் வைப்பதால் அது சிறியதாக, அழகாக, சத்தமில்லாமல் இருக்க வேண்டும் என்று எல்லோரும் விரும்புகிறோம். இந்த மூன்று ஆசைகளுமே வெப்பத்தை உள்ளே அடைத்துவைக்கக் கூடியவை. பத்துமலை, கோம்பாக், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் என்று எங்கே இருந்தாலும் நம் ஊர் வானிலை அதை இன்னும் கடினமாக்குகிறது.

கேசிங் வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்? வாங்கிய பிறகு அதை எங்கே, எப்படி வைக்க வேண்டும்?

ஆண்ட்ராய்டு பெட்டி இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்விதான். யூடியூபும் நெட்பிளிக்ஸும் மட்டும் போதும் என்றால் கையளவு ஆண்ட்ராய்டு பெட்டியே போதும். கணினி தேவைப்படுவது வேறு வேலைகளுக்கு.

ஒன்று, சொந்தச் சேகரிப்பு. கல்யாண வீடியோ, பிள்ளைகளின் பள்ளி விழா, தைப்பூசத்தில் எடுத்த காவடி வீடியோ, பழைய கேசட்டிலிருந்து மாற்றிய பாட்டி தாத்தாவின் குரல். இவற்றை ஒரே இடத்தில் வைத்து கோடி, ஜெல்லிஃபின் போன்ற இலவச மென்பொருள்கள் வழியாக டிவியில் பார்க்கலாம்.

இன்னொன்று, நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வது. மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-இல் நாடு முழுவதும் முடிவுக்கு வந்தது. இப்போது டிவி2 உள்ளிட்ட இலவச அலைவரிசைகள் மைஃப்ரீவியூ வழியாக, டி.வி.பி-டி2 என்ற டிஜிட்டல் முறையில் வருகின்றன. அந்த முறையை ஏற்கும் டியூனர் கார்டைக் கணினியில் பொருத்தினால், வீட்டில் யாரும் இல்லாத நேரத்திலும் தமிழ் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யலாம். பழைய அனலாக் டியூனர் கார்டு இதற்கு உதவாது.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினியை லினக்ஸ் போட்டு டிவி பக்கம் நகர்த்தும் யோசனை அதனால் பலருக்கு வருகிறது. பழைய பாகங்களைப் புதிய சின்ன கேசிங்குக்குள் நுழைக்கப் பார்க்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

அறையின் சூடுதான் தொடக்கப் புள்ளி

காற்றால் குளிர்விக்கும் எந்த ஃபேனும், எந்த கூலரும், கணினியை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அவை செய்வது ஒன்றே ஒன்றுதான்: உள்ளே உருவாகும் சூட்டை அறைக் காற்றிடம் ஒப்படைப்பது. அறைக் காற்று ஏற்கெனவே சூடாக இருந்தால், அந்தச் சூட்டின் மேல்தான் கணினியின் சூடும் ஏறி உட்காரும்.

கோலாலம்பூரில் பகல் நேர உச்ச வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரும்பாலும் 32, 33 டிகிரி செல்சியஸ். இரவில்கூட 24 டிகிரி அளவில்தான் இறங்கும். ஒரு பகுதியில் தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி வரை பதிவானால், மலேசிய வானிலை ஆய்வுத் துறை அதை முதல் நிலை எச்சரிக்கையாக அறிவிக்கும்.

இணையத்தில் நாம் பார்க்கும் கேசிங், கூலர் விமர்சனங்களில் பெரும்பாலானவை 20 முதல் 25 டிகிரி உள்ள அறைகளில் சோதித்தவை. அதை நம் வீட்டுக்கு எப்படிக் கணக்குப் போடுவது?

ஒரு விமர்சனத்தில் 22 டிகிரி அறையில் பிராசசர் 70 டிகிரியைத் தொட்டது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 48 டிகிரி. அதே கணினி 31 டிகிரி உள்ள நம் ஹாலில் ஏறக்குறைய 79 டிகிரியில் ஓடும். அதைக் கண்ணாடிக் கதவு போட்ட டிவி கேபினெட்டுக்குள் வைத்து, உள்ளே காற்று 40 டிகிரிக்கு ஏறினால் 88. வெயில் உச்சத்தில் இருக்கும் நாளில் கேபினெட் காற்று 44 ஆனால் 92.

பல பிராசசர்கள் 95 முதல் 100 டிகிரியை நெருங்கும்போது தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். அப்போதுதான் படம் திக்குகிறது. அதற்கும் மேலே போனால் கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். விமர்சனத்தில் 'நல்லா இருக்கு' என்று சொன்ன அதே பெட்டி நம் வீட்டில் தடுமாறுவதற்கு இதுதான் காரணம்.

'ராத்திரிதானே படம் பார்க்கிறோம், ஏர்கோன் போட்டிருப்போமே' என்று நினைக்கலாம். ஆனால் பதிவு செய்யும் கணினி மத்தியானம் மூன்று மணிக்கும் வேலை செய்யும். ஜன்னலும் கதவும் சாத்திய வரிசை வீட்டின் ஹால் அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்பது வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கடைக்குப் போகுமுன் எடுக்க வேண்டிய நான்கு அளவுகள்

புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோ யாட் பிளாசா போன்ற இடங்களிலும் இணையக் கடைகளிலும் அழகான சின்ன கேசிங்குகள் நிறையவே கிடைக்கின்றன. 'அண்ணே, இதுல என் பழைய போர்டு போகுமா?' என்று மட்டும் கேட்டால் 'போகும் தம்பி' என்ற பதில்தான் வரும். போர்டு போகும், கூலர் போகாது. அதனால் நான்கு அளவுகளைத் தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது.

முதலாவது, மதர்போர்டு. ஏ.டி.எக்ஸ் என்றால் 305-க்கு 244 மில்லிமீட்டர். மைக்ரோ ஏ.டி.எக்ஸ் 244-க்கு 244 வரை. மினி ஐ.டி.எக்ஸ் 170-க்கு 170. பெரிய கேசிங்கில் சின்ன போர்டைப் போடலாம். சின்னதில் பெரியது போகாது. பிரபல நிறுவனங்களின் பழைய அலுவலகக் கணினிகளில் போர்டும் பவர் சப்ளை இணைப்பும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருப்பது உண்டு. அவற்றைப் பிரித்து வேறு கேசிங்கில் போட நினைப்பவர்கள் வாங்குவதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவது, கூலரின் உயரம். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். பிராசசரின் மேல்பரப்பிலிருந்து கேசிங்கின் மூடி வரை உள்ள இடைவெளியைத்தான் 'கூலர் உயர வரம்பு' என்று குறிப்பிடுகிறார்கள். 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த கோபுர வடிவ கூலர்கள் பொதுவாக 150 முதல் 160 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். டிவிக்குக் கீழே படுக்கவைக்கும் மெலிந்த கேசிங்கில் இது நடக்காத காரியம்.

உதாரணத்துக்கு, ஃபிராக்டல் டிசைன் நோட் 202 என்ற மெலிந்த கேசிங்கின் கூலர் வரம்பு 56 மில்லிமீட்டர். ஏ.எம்.டி. தன் சில பிராசசர்களுடன் தரும் ரெய்த் ஸ்டெல்த் கூலரின் உயரம் 54. இரண்டே மில்லிமீட்டர் இடைவெளியில் அது உள்ளே போய்விடும். நாக்டுவாவின் என்.எச்-எல்9 வரிசையில் 37 மில்லிமீட்டர் உயரமே உள்ள கூலர்களும் உண்டு. கேசிங்கின் மூடியில் கூலருக்கு நேராகக் காற்றுத் துளைகள் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். துளையில்லாத தகட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் பக்கத்தில் ஃபேன் சுற்றினால் சத்தம்தான் வரும், காற்று வராது.

சில கேசிங்குகளில் டிவிடி டிரைவோ ஹார்ட் டிஸ்க் தட்டோ கூலருக்கு மேலே தொங்கும். அதை மாட்டினால் கூலருக்கான உயரம் வெகுவாகக் குறைந்துவிடும். விவரக்குறிப்பில் இரண்டு எண்கள் இருந்தால், சின்ன எண்ணை நம்புங்கள்.

மூன்றாவது, கார்டுகள். வழக்கமான கிராபிக்ஸ் கார்டு, டியூனர் கார்டு ஆகியவற்றின் பின்புற உலோகப் பட்டை சுமார் 120 மில்லிமீட்டர். மெலிந்த கேசிங்குகளில் பல, 'லோ ப்ரொஃபைல்' எனப்படும் சுமார் 80 மில்லிமீட்டர் பட்டையைத்தான் ஏற்கும். டியூனர் கார்டு வாங்கும்போது அந்தச் சின்னப் பட்டையும் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நோட் 202 போன்ற சிலவற்றில் கார்டைப் படுக்கவைக்கும் ரைசர் இருப்பதால் முழு அளவு கார்டே போகும்; ஆனால் ஒரே ஒரு கார்டுதான்.

நான்காவது, பவர் சப்ளை. சாதாரண ஏ.டி.எக்ஸ் பவர் சப்ளை 150 மில்லிமீட்டர் அகலம், 86 உயரம். சின்ன கேசிங்குகளுக்கான எஸ்.எஃப்.எக்ஸ் வகை 125 அகலம், 63.5 உயரம். இரண்டையும் மாற்றிப் போட முடியாது. பவர் சப்ளையின் நீளத்தோடு, அதிலிருந்து வரும் கேபிள்கள் வளைவதற்கும் இடம் வேண்டும். கேபிள்கள் கட்டுக்கட்டாகச் சுருண்டு ஃபேன் முன்னால் நின்றால், காற்றோட்டத்துக்குச் சுவர் எழுப்பியது போலத்தான்.

ராம் உயரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். சாதாரண ராம் 31, 32 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அலங்கார விளக்கும் உலோக உறையும் போட்டவை 40-ஐத் தாண்டலாம். தாழ்வான கூலர் சில சமயம் அதில் இடிக்கும்.

காற்று வரும் வழி எது, போகும் வழி எது?

அளவு பொருந்தியாயிற்று. இனி காற்று.

கணினி இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. 100 வாட் இழுத்தால், 100 வாட் சூட்டை வெளியே தள்ளியாக வேண்டும். அந்த வெப்பத்தை நிமிடத்துக்கு சுமார் 570 லிட்டர் காற்று எடுத்துக்கொண்டு போனால், வெளியேறும் காற்று உள்ளே வந்ததைவிட ஏறக்குறைய 9 டிகிரி சூடாக இருக்கும். காற்றின் அளவு பாதியானால் அந்த வித்தியாசம் இரட்டிப்பாகும். அதாவது, அடைபட்ட துளையும் தூசி படிந்த வலையும் நேரடியாக டிகிரிக் கணக்கில் தண்டிக்கும்.

ஒரு ஃபேன் உள்ளே இழுக்க, இன்னொன்று வெளியே தள்ள வேண்டும் என்பது அடிப்படை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து உள்ளே ஊதினால், சூடு உள்ளேயே சுற்றும். ஃபேன் எந்தப் பக்கம் ஊதும் என்று எப்படித் தெரியும்? நடுப்பகுதியைத் தாங்கும் சட்டக் கம்பிகள் தெரியும் பக்கமாகத்தான் பொதுவாகக் காற்று வெளியேறும். சந்தேகமாக இருந்தால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துப் பாருங்கள்.

சத்தம் குறைய வேண்டுமானால் பெரிய ஃபேன், மெதுவான சுழற்சி. வேகமாகச் சுற்றும் 80 மில்லிமீட்டர் ஃபேனைவிட, மெதுவாகச் சுற்றும் 120 மில்லிமீட்டர் ஃபேன் அதே காற்றைக் குறைந்த சத்தத்தில் தரும். நான்கு முனை இணைப்புள்ள ஃபேனாக இருந்தால், சூட்டுக்கு ஏற்ப வேகத்தை மதர்போர்டே நுணுக்கமாக மாற்றிக்கொள்ளும்.

டிவி கேபினெட் என்ற இரண்டாவது கேசிங்

கேசிங்குக்குள் எவ்வளவு நல்ல காற்றோட்டம் இருந்தாலும், அந்த கேசிங்கையே இன்னொரு பெட்டிக்குள் வைத்தால் என்ன ஆகும்? ஃபேன் வெளியே தள்ளிய சூடான காற்றையே மறுபடி உள்ளே இழுக்கும். அந்தக் காலத்து 40 வாட் குண்டு பல்பை அலமாரிக்குள் எரியவிட்டுக் கதவைச் சாத்தியது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். படம் ஓடும்போது சாதாரணக் கணினி ஒன்று அந்த அளவு சூட்டையாவது வெளியிடும்.

ரெடிமேட் கேபினெட்டுகளின் பின்பலகையில் கேபிளுக்காக ஒரு வட்டத் துளை இருக்கும். அது போதுமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 மில்லிமீட்டர் துளையின் பரப்பு சுமார் 28 சதுர சென்டிமீட்டர். 120 மில்லிமீட்டர் ஃபேனின் பரப்பு சுமார் 113. ஒரே ஒரு ஃபேனுக்கு ஈடுகொடுக்கவே இப்படி நான்கு துளைகள் வேண்டும். இருக்கும் ஒரு துளையிலும் கேபிள் கட்டு அடைத்துக்கொண்டிருக்கும்.

இதைச் சரிசெய்வது பெரிய வேலையில்லை. கணினி இருக்கும் தட்டின் பின்பலகையை முழுதாகக் கழற்றிவிடலாம். கேபினெட்டைச் சுவரிலிருந்து ஒரு சாண் அளவு முன்னே இழுத்து வைக்கலாம். கதவு கட்டாயம் வேண்டும் என்றால், கண்ணாடிக்குப் பதில் பிரம்பு வலை அல்லது துளைத் தகடு போடலாம். அதுவும் போதவில்லை என்றால், மேல் பின்பக்கத்தில் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்து, காற்று வருவதற்குக் கீழே முன்பக்கம் இடைவெளி விடலாம்.

அதற்குத் தனி அடாப்டர் வாங்கினால் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மூடிய மர அலமாரிக்குள் நாள் முழுக்க மின்னோட்டத்தில் இருக்கும் பொருள் அது. மலிவு பார்க்கும் இடம் இல்லை.

சூட்டை விரட்டுவதைவிட, உருவாக்காமல் இருப்பது மேல்

புதிதாகக் கட்டுபவர்களுக்கு இதுதான் முக்கியமான ஆலோசனை. படம் பார்க்க அதிக சக்தி தேவையில்லை. தேவைப்படுவது, வீடியோவை விரித்துக் காட்டும் வேலையைத் தனிச் சுற்று வழியாகச் செய்யும் பிராசசர். அந்த வசதி இல்லாத பழைய பிராசசரில் 4கே வீடியோவைப் போட்டால், அது முழு மூச்சாக உழைத்துக் கொதிக்கும். வசதி உள்ள பிராசசர் அதே படத்தை அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும்.

இன்றைய 4கே படங்களில் பரவலாக உள்ள எச்.இ.வி.சி. 10 பிட் வடிவத்தை, இன்டெல்லின் ஏழாம் தலைமுறையிலிருந்து உள்ளமைந்த கிராபிக்ஸே கையாளும். ஏ.வி.1 வடிவம் வேண்டுமானால் 11-ஆம் தலைமுறை முதல். 2023-இல் வந்த இன்டெல் என்100 பிராசசரின் வெப்ப வடிவமைப்பு அளவு வெறும் 6 வாட். இரண்டு வடிவங்களையும் அது கையாளும். அத்தகைய மினி பி.சி. ஒன்று போதும் என்றால், மேலே சொன்ன அளவுச் சிக்கல்களில் பாதி தானாகவே மறைந்துவிடும். விளையாட்டுக்கும் சேர்த்துத்தான் வேண்டும் என்பவர்களுக்கு மட்டுமே பெரிய கேசிங்கும் தனி கிராபிக்ஸ் கார்டும் அவசியம்.

தூசி, சாம்பிராணி, பல்லி

நம் ஹாலில் வெயிலோடு வேறு சிலவும் உண்டு. பல வீடுகளில் சாமி மேடை ஹாலிலேயே இருக்கும். ஊதுபத்தி, சாம்பிராணி, சூடப் புகை, சமையலறையிலிருந்து வரும் தாளிப்பு எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் தூசியோடு கலந்து, கூலரின் தகடுகளுக்கு நடுவே பசை போலப் படியும். புகைமூட்டக் காலத்தில் இது இன்னும் கூடும். 2019 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பள்ளிகளையே மூட வைத்த புகைமூட்டம் பலருக்கு நினைவிருக்கும்.

ஆகவே, கழற்றிக் கழுவக்கூடிய தூசி வலை உள்ள கேசிங்கைத் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒருமுறை வலையைக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதி எடுங்கள். பயன்படுத்தாத கார்டு இடைவெளிகளைத் தகடு போட்டு மூடுங்கள். கதகதப்பான இடம் தேடி வரும் பல்லிக்கும் கரப்பான்பூச்சிக்கும் அதுதான் வாசல்.

சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ஒரு மலிவான வெப்பமானியும், எச்.டபிள்யூ.இன்ஃபோ போன்ற ஓர் இலவச மென்பொருளும் போதும். மத்தியான நேரத்தில், ஏர்கோன் போடாமல், கேபினெட் கதவை வழக்கம்போல வைத்து, இரண்டு மணி நேரப் படம் ஒன்றை ஓடவிடுங்கள். முடிவில் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஹாலின் வெப்பநிலை, கேபினெட்டுக்குள் வெப்பநிலை, பிராசசரின் உச்ச வெப்பநிலை.

கேபினெட்டுக்கும் ஹாலுக்கும் ஐந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிரச்சினை அலமாரியில். புது கூலர் வாங்கிப் பயனில்லை. கேபினெட் காற்று சரியாக இருந்தும் படம் பார்க்கும்போதே பிராசசர் 80-ஐத் தாண்டினால், கூலர், தூசி, வெப்பப் பசை ஆகியவற்றைப் பாருங்கள். அலமாரியைத் திறந்து வைத்து அதே சோதனையை மறுநாள் செய்தால் வித்தியாசம் எண்ணிலேயே தெரிந்துவிடும்.

ஹார்ட் டிஸ்க்கின் எண்ணையும் விடாதீர்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க்குகளில் பலவற்றுக்கு உற்பத்தியாளர்கள் சொல்லும் இயக்க வரம்பு 60 டிகிரி. பிராசசருக்கு 60 டிகிரி என்பது சாதாரணம். ஹார்ட் டிஸ்க்குக்கு அதுவே எல்லை. பிராசசர் சூடானால் அணைந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க்குக்கு அந்தப் பழக்கம் கிடையாது. காற்று வராத மூலையில், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய டிஸ்க்குகள் சத்தமில்லாமல் வெந்துகொண்டிருக்கும்.

பிராசசர் போனால் லோ யாட்டில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். கல்யாண வீடியோவுக்கும் பாட்டியின் குரலுக்கும் அப்படி ஒரு கடை இல்லை. கேசிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அந்தக் கோப்புகளின் இன்னொரு பிரதியை வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்து, டிவி கேபினெட்டுக்குள் வைக்காமல் வேறு அறையில் வையுங்கள்.